பேசியே வெல்லும் வியாபாரியை என்ன செய்வது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக எங்கள் பாடசாலையின் சனிக்கிழமைக் கதை விளையாட்டைப் பற்றி ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பேச்சு நடக்கிறது. "புள்ளைகளுக்குப் பொய் சொல்லப் படிச்சுக் குடுக்காங்களாம்" என்று ஒரு குரல் பதிவும் வந்தது. அதைப் போட்டவர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், எங்கள் மீது அன்புள்ளவர். கோபம் இல்லை. ஆனால் குழுவில் பதில் எழுதினால் அது சண்டையில்தான் முடியும். ஆகவே விளையாட்டை நடத்தும் ஆசிரியர்கள் நாங்கள் மூவரும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம். அங்கே ஒரு தவறு நடந்தது உண்மை. அது ஊரில் பேசப்படும் தவறு அல்ல. பிள்ளைகள் செய்ததும் அல்ல. நாங்கள் செய்தது.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறோம். ஐந்தாறு பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவன் வியாபாரி, ஒருவன் மாலுமி, ஒருவன் வைத்தியர் என்று ஆளுக்கொரு பாத்திரம். ஆசிரியர் கதையை நடத்துவார். (கதை நடத்துனர் என்று பெயர் வைத்தோம். பிள்ளைகள் "கொண்டக்டர்" ஆக்கிவிட்டார்கள்.) "நீங்கள் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறீர்கள், வாசலில் அதிகாரி நிற்கிறார், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். பிள்ளைகள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். முடிவு இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்ற இடத்தில் ஓர் இலக்கம் எடுத்துத் தீர்மானிப்போம். ஆசிரியர் கலாசாலையில் "பாகமேற்று நடித்தல்" என்று எங்களுக்குச் சொல்லித்தந்த கற்பித்தல் முறைக்கு இது தூரத்துச் சொந்தம். கலாசாலையில் அதை ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடச் சொன்னார்கள். இது மாதக் கணக்கில் போகிறது.

இதன் மூலம் அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு. கெரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. அதில் மந்திரம், தெய்வங்கள், பேய் பிசாசுகள் எல்லாம் உண்டு. நாங்கள் அவற்றை எடுத்துவிட்டோம். எங்கள் கதை ஒரு பழைய துறைமுகப் பட்டினத்தில் நடக்கிறது. பாய்க்கப்பல், ஏலம், கறுவா, சுங்கவரி, கடல்கொள்ளைக்காரர், அவ்வளவுதான். அந்த விளையாட்டில் 20 பக்கப் பகடை உருட்டுவார்கள். பகடை விஷயத்தில் மார்க்கத்தில் உள்ள கண்டிப்பு எங்களுக்கும் தெரியும். பந்தயமோ காசோ இல்லாவிட்டாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்று நாங்கள் கேட்ட மௌலவி சொன்னார், தவிர்த்துவிட்டோம். 1 முதல் 20 வரை எழுதிய மட்டைத் துண்டுகளைப் பால்மா டின் ஒன்றில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். 1980களில் அமெரிக்காவிலேயே கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோய் விடும் என்று பெரிய எதிர்ப்புக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் வருகிற கேள்வியைப் பார்த்து நாங்கள் சிரிக்கமாட்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில திறமைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பலம், சாமர்த்தியம், மருத்துவ அறிவு, பேச்சு. பேச்சில் 7 உள்ளவன் டின்னில் எடுத்த இலக்கத்தோடு 7ஐக் கூட்டிக்கொள்வான். ஓரளவு கஷ்டமான காரியத்துக்கு இலக்கு 15 என்று வைத்தால், பேச்சில் ஒன்றுமில்லாதவனுக்கு 15 முதல் 20 வரை உள்ள ஆறு துண்டுகளில் ஒன்று வரவேண்டும். அதாவது நூற்றுக்கு 30 வாய்ப்பு. 7 உள்ளவனுக்கு 8 வந்தாலே போதும், பதின்மூன்று துண்டுகள், நூற்றுக்கு 65. இலக்கு 10 என்றால் அவனுக்கு 90. நிகழ்தகவுப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள் இந்த டின்னைச் சுற்றி இருந்து தாங்களாகவே கணக்குப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மற்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

ஆண்பிள்ளைகள் குழுவில் வியாபாரியாக விளையாடிய மாணவனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் பெயர் எழுதமாட்டோம். மற்றப் பிள்ளைகளையும் பாத்திரத்தின் பெயராலேயே சொல்கிறோம். வியாபாரி தன் புள்ளிகளில் முக்கால்வாசியைப் பேச்சில் போட்டான். பலம் அவனுக்குச் சுத்தமாக இல்லை, ஒரு மூட்டையைத் தூக்கமாட்டான். ஆனால் வாயைத் திறந்தால் கேட்பவர் அசந்துபோவார். பாத்திரம் மட்டுமல்ல, பிள்ளையும் அப்படித்தான்.

வரி கட்டாத காரணத்தால் இவர்களுடைய கப்பலை ஓர் அதிகாரி மறித்து வைத்திருந்தார். வியாபாரி போய், "கப்பலை விடுங்கள், நாங்கள் நல்லவர்கள்" என்றான். டின்னில் 19 வந்தது. 7ஐக் கூட்டினால் 26. நடத்திய ஆசிரியர் சிரித்துக்கொண்டே, அதிகாரி கப்பலை விட்டதோடு சுங்கப் பெட்டியின் திறப்பையும் கையில் கொடுத்தார் என்று சொல்லிவிட்டார். மேசை முழுக்கச் சிரிப்பு. நாங்களும் கைதட்டினோம். அடுத்த கிழமை சிறைக் காவலன், அதற்கடுத்த கிழமை போட்டி வியாபாரி, பிறகு கொள்ளைக்காரர் தலைவன். நான்கு கிழமையில் கதையில் வியாபாரியைத் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லாமல் போனது. மாலுமி கொப்பியில் கப்பல் கீறிக்கொண்டிருந்தான். காவலாளி ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது கிழமை வியாபாரி வைத்தியர் பக்கம் திரும்பினான். வைத்தியராக விளையாடியவன் அதிகம் பேசாத பிள்ளை. எட்டுக் கிழமையாகத் தன் பங்கு காசைச் சேர்த்து ஒரு மருந்துப் பெட்டி வாங்கியிருந்தான். அதில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, நிறப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். "பெட்டிய எனக்குத் தா, நான் வித்து எல்லாருக்கும் லாபம் எடுத்துத் தாறன்" என்றான் வியாபாரி. "ஏலா" என்றான் வைத்தியர். வியாபாரி டின்னைக் குலுக்கி 18 எடுத்தான். "இருபத்தஞ்சு சேர்! இனித் தரத்தானே வேணும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சட்டம் சட்டம்தானே என்று, "சரி, குடுங்க" என்றோம்.

வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை. அழிறப்பரை எடுத்துத் தன் தாளில் இருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக அழித்தான். நிறப் பென்சில் முழுதாக அழியாது, தாள் கிழிந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. பாதையில் கண்ட அவனுடைய உம்மா, "சனிக்கிழமை எண்டா வகுத்து வலி எண்டு சொல்றான் டீச்சர், என்னண்டு தெரியா" என்றார். எங்களுக்குத் தெரியும்.

இது காகிதத்தில் எழுதிய பெட்டிதானே, இதற்கு இவ்வளவா என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பெட்டியில் அவனுடைய எட்டுச் சனிக்கிழமை இருந்தது. அதைவிட முக்கியம், அவன் "ஏலா" என்று தெளிவாகச் சொல்லியிருந்தான். பெரியவர்கள் மூவர் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த ஏலாவுக்குப் பெறுமதி இல்லை, மற்றவனுக்கு நல்ல இலக்கம் வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னோம். வாய் உள்ள பிள்ளை கேட்டால் வாய் இல்லாத பிள்ளை கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அன்று அவன் எங்களிடம் படித்த பாடம்.

பிறகுதான் உட்கார்ந்து விதிப் புத்தகங்களை ஒழுங்காக வாசித்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. 1974இன் முதல் விளையாட்டிலும் "கரிஸ்மா" என்ற ஆளுமைக் கவர்ச்சிக்கு ஓர் எண் இருந்திருக்கிறது. ஆனால் எத்தனை பேரை வேலைக்குச் சேர்க்கலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதற்குத்தான் அது பெரும்பாலும் உதவியது. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பின் காலத்தில்தான் பேச்சு ஒரு தனித் திறமையாகி, பகைவனை எந்த எண்ணில் நண்பனாக்கலாம் என்று அட்டவணையே போட்டுவிட்டார்கள். கொல்ல வருகிறவனைப் பகை மறக்கச் செய்ய 25, உதவிக்கு ஓடிவரும் ஆளாக்க 50. ஐம்பது யாருக்கு வரும் என்று எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். விளையாடியவர்கள் புள்ளிகளையும் சலுகைகளையும் அடுக்கி அங்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட பாத்திரத்துக்கு "டிப்ளமான்சர்" என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். எங்கள் வியாபாரி புதிய ஆள் அல்ல. அவனுக்கு அங்கே பல வருடத்து அண்ணன்மார் இருக்கிறார்கள்.

அந்த அட்டவணையிலேயே நாங்கள் தவறவிட்ட விஷயம் ஒன்று உண்டு. அது கதை நடத்துபவர் ஆட்டிவைக்கும் பாத்திரங்களுக்கு மட்டும் உரியது. உடன் விளையாடுபவருக்குச் செல்லாது. 2010இல் வந்த அபொகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டில் சக விளையாட்டாளரையும் பேசி இணங்கவைக்க முயலலாம். ஆனால் இலக்கம் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் முடிவு கேட்பவன் கையில்தான். இணங்கினால் அவனுக்கு ஒரு நன்மை கிடைக்கும், மறுத்தால் சில வேளை ஒரு சிக்கல் வரலாம், அவ்வளவுதான். "ஆம்" என்ற சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்கும் உரிமை எந்த எண்ணுக்கும் இல்லை.

ஆகவே எங்கள் மேசையில் இப்போது இது மாறாத சட்டம்: டின் வைத்து ஒரு பிள்ளையின் பாத்திரத்தை இன்னொரு பிள்ளை இணங்கவைக்க முடியாது. பேசலாம், கெஞ்சலாம், காரணம் சொல்லலாம். ஏலா என்றால் ஏலாதான்.

அதிகாரி, காவலன் போன்ற மற்றப் பாத்திரங்களிடமும் மாற்றம் செய்தோம். முன்பு முதலில் டின், பிறகு பேச்சு. இப்போது முதலில் கேள்வி. யாரிடம் பேசுகிறாய், உனக்கு என்ன வேண்டும், அவருக்கு அதில் என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் டின்னைத் தொடலாம். அதிகாரி சுங்கப் பெட்டியின் திறப்பைக் கொடுத்தால் அவருடைய தலை போகும். அதை எந்தப் பேச்சும் வாங்காது, டின் எடுக்கவே தேவையில்லை. 20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்று பிள்ளைகள் யூடியூப் பார்த்து வாதாடினார்கள். அந்த அமெரிக்க விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளில்கூட அப்படி இல்லை, தாக்குதலுக்கு மட்டும்தான் 20க்கு அந்த மரியாதை. கேட்டதை அப்படியே தராவிட்டாலும் நல்ல இலக்கத்துக்கு ஒரு பலன் உண்டு. அதிகாரி கோபப்படாமல் சிரிப்பார், காவலரைக் கூப்பிடாமல் "தம்பி, வரியைப் பாதியாவது கட்டு, மிச்சத்துக்கு ஒரு மாதம் தாறன்" என்பார். பேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, மறுத்தவரிடம் உடனே மறுபடி கேட்க முடியாது. பேர்னிங் வீல் என்ற விளையாட்டிலும் நிலைமை மாறாமல் ஒரே காரியத்துக்கு இரண்டாம் முறை உருட்டக் கூடாது என்று இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 30 வாய்ப்பு உள்ளவன் மூன்று முறை கேட்டால் எங்கேயாவது ஒருமுறை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 66. 65 உள்ளவன் மூன்று முறை கேட்டால் 96க்கு வந்துவிடும். அரித்துக்கொண்டே இருந்தால் கிடைத்துவிடும் என்பது வீட்டில் உம்மாமாரிடம் பிள்ளைகள் ஏற்கெனவே பரிசோதித்த முறை. நாங்கள் வேறு அதைப் பழக்கத் தேவையில்லை.

புதிய சட்டங்களைச் சொன்னதும் வியாபாரி எழுந்து கேட்டான்: "அப்ப என்ட ஏழு எதுக்கு சேர்?"

நியாயமான கேள்வி. எங்களை உறங்கவிடாத கேள்வியும்கூட. அவன் பலத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த ஏழை வாங்கினான். மூட்டை தூக்க வேண்டிய இடத்திலெல்லாம் தோற்கிறான். அவன் வெல்லும் ஒரே இடத்தையும் நாங்கள் பூட்டிவிட்டால் அதுவும் அநியாயம்தான். கதை நடத்தும் பலர் விடும் பிழை இது. பேச்சுக்காரப் பாத்திரம் தொந்தரவாகிவிட்டது என்று எதிரே வரும் ஆட்களையெல்லாம் கல்லாக்கிவிடுவார்கள், எவரும் எதற்கும் மசியமாட்டார். பிள்ளைக்குத் தான் ஏமாற்றப்பட்டது விளங்கும்.

நாங்கள் கண்ட வழி இது. பேச்சுத் திறமை உள்ளவனுக்கு ஆளை வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். அவன் ஒருவரோடு சிறிது நேரம் பேசினால், அந்த மனிதருக்கு என்ன ஆசை, என்ன பயம் என்பதில் ஒன்றை அவன் காதில் மட்டும் சொல்வோம். மற்றவர்களுக்கு அது கிடைக்காது. அதை வைத்து என்ன செய்வது என்பது அவன் பொறுப்பு. சரியானதைக் கொண்டுபோய்ப் பேசினால் இலக்கு 20இலிருந்து 10க்கு இறங்கும். இதற்காக அவன் மற்றவர்களையும் தேடிப் போக வேண்டிவந்தது. அதிகாரிக்குக் கடல்கொள்ளைக்காரரைப் பற்றிப் பயம் என்று தெரிந்தால், மாலுமியிடம் பாதுகாப்பான பாதையைக் கேட்க வேண்டும். மாலுமி கப்பல் கீறுவதை நிறுத்தினான்.

வைத்தியர் வீட்டுக்கும் போனோம். தவறு எங்களுடையது என்று வாப்பா, உம்மா முன்னால் சொன்னோம். அவனுடைய வாப்பாவுக்கு விஷயமே முழுதாக விளங்கவில்லை. "விளையாட்டுப் பெட்டிக்கா சேர் மூணு பேரும் வந்தீங்க?" என்று சிரித்து, தேத்தண்ணி தந்தார். பையன் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தான். எல்லோர் முன்னிலையிலும் பெட்டி அவனுடையது என்று சொன்னோம். வியாபாரி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்ததற்கு ஐந்து காசு கூலி கேட்டான். வைத்தியர் "ஏலா" என்றான். இம்முறை அது நின்றது. புதிய தாளில் திரும்ப எழுத அவனுக்கு அன்றைய நாள் முழுக்கப் போனது.

வியாபாரியைக் கெட்ட பிள்ளை என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் அவனை மேடையேற்றியவர்கள் நாங்கள். மீலாத் விழாவில் அவன் பேசியதற்குத் தோளில் தட்டியவர்கள் நீங்கள். சிறு வயதிலிருந்தே அவன் வாய் திறந்தால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், கொடுக்கிறார்கள். "நல்லாச் சொன்னாய், ஆனால் ஏலா" என்று எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பெண்பிள்ளைகள் குழுவை எங்களில் டீச்சர் தனியாக நடத்துகிறார். அங்கே நேர்மாறான பிரச்சினை. தூதர் பாத்திரத்தைத் திக்குவாயுள்ள ஒரு பிள்ளை கேட்டு எடுத்தாள். பேச்சு 7. மற்றப் பிள்ளைகள், "டீச்சர், அவ பேசவே மாட்டாவே" என்றார்கள். மல்யுத்த வீரனாக விளையாடும் பிள்ளையிடம் மேசையைத் தூக்கிக் காட்டு என்று நாங்கள் கேட்பதில்லை. வைத்தியராக வருபவனிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில்லை. தூதரிடம் மட்டும் ஏன் நா வன்மையைக் கேட்க வேண்டும்? டீச்சர் அவளிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். தூதர் என்ன சொல்கிறார் என்று அவள் எழுதிக் கொடுப்பாள், டீச்சர் வாசிப்பார்.

அதே துறைமுக அதிகாரி, அதே மறித்த கப்பல். மூன்று கிழமைக்கு முன் டீச்சர் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம், அதிகாரியின் மகனுக்கு இருமல் என்பது, அவள் நினைவில் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவனும் அதைக் கவனித்ததில்லை. அவள் எழுதிய தாளில் மூன்றே வரி. உங்கள் மகனை எங்கள் வைத்தியர் பார்ப்பார், நீங்கள் கப்பலை விட்டாலும் விடாவிட்டாலும் பார்ப்பார், வரியை இரண்டு தவணையில் கட்ட விடுவீர்களா? டின்னில் வெறும் 4 வந்தது. 7ஐக் கூட்டினால் 11. பழைய முறையில் தோல்வி. ஆனால் அப்படிப் பேசிய ஆளுக்கு இலக்கு 10தான் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். கப்பல் போனது.

பேச்சுத் திறமை என்றால் சொல் அழகு, கணீர் குரல் என்றே நாம் பழகிவிட்டோம். கேட்பவரின் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று கவனித்து வைத்திருப்பதும் அதில் பாதிக்கு மேல்.

இதில் எங்கள் மூவருக்குள்ளேயே உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "பேசப் பழகத்தானே இந்த விளையாட்டு? எழுதியே கொடுத்தால் எப்போது பேசுவாள்?" என்று எங்களில் ஒருவர் இன்றும் கேட்கிறார். அவள் இன்னும் எழுதித்தான் கொடுக்கிறாள். ஒருநாள் மட்டும் கொள்ளைக்காரன் மேல் வந்த கோபத்தில் தொடர்ந்து இரண்டு வசனம் பேசினாள். அதைப் பெரிதாக்க வேண்டாம் என்று டீச்சர் கண்ணால் சொன்னார், நாங்கள் பேசாமல் இருந்தோம்.

சரி, பொய்க்கு வருவோம். குரல் பதிவில் கேட்ட கேள்வி அதுதானே.

அந்த அமெரிக்க விளையாட்டின் விதிகளில் நியாயம் சொல்லி இணங்கவைப்பது, ஏமாற்றுவது, மிரட்டுவது மூன்றும் வெவ்வேறு திறமைகள். எங்கள் கதையிலும் பொய் சொல்லும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை நீக்கினால் அது துறைமுகமே அல்ல. பிள்ளையின் பாத்திரம் பொய் சொன்னால் நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் கொப்பியில் எழுதி வைக்கிறோம். அபொகலிப்ஸ் வேர்ல்டில் உள்ளது போல, நீ சொன்ன காரணம் பொய் என்று தெரியும் வரைக்கும்தான் கேட்டவர் உன்னோடு நிற்பார். தெரிந்த நாளில் திரும்பிவிடுவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆளை மயக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அதன் நேரம் முடிந்ததும் தான் மயக்கப்பட்டது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று 2014ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எங்கள் வியாபாரி போட்டி வியாபாரியிடம் சொன்ன ஒரு பொய் ஆறு கிழமை கழித்து வெளியே வந்தது. கறுவாக் கடைகள் எல்லாம் அவனுக்குக் கதவடைத்தன. ஏழு இருந்தும் பேச ஆள் இல்லை. "இது அநியாயம் சேர்" என்றான். கொப்பியைத் திறந்து அவன் சொன்ன வசனத்தைக் காட்டினோம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சில வேளைகளில் இனிக்க இனிக்கப் பேசும் பாத்திரம் எங்கள் கையில் இருக்கும். ஒரு தரகரைக் கொண்டுவந்தோம். நல்ல உடை, ஸலாம் சொல்லி ஆரம்பிப்பார், ஒவ்வொருவரின் பெயரும் தெரியும். தூர தேசத்திலிருந்து வரும் கப்பலில் பங்கு விற்கிறார். இன்று பத்துக் காசு போட்டால் மாதம் இரண்டு காசு, இன்னும் இருவரைச் சேர்த்துவிட்டால் மேலும் ஒன்று. இங்கே நாங்கள் டின் எடுத்து, "26 வந்துவிட்டது, நீங்கள் நம்பிவிட்டீர்கள், காசைக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வைத்தியருக்குச் செய்த அதே அநியாயமாகியிருக்கும். "அவர் பேசுவதைக் கேட்டால் உண்மை போலத்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினோம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு.

ஐந்து பேரில் மூவர் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவன் எங்கள் வியாபாரி. பேசி வெல்பவன் தான் ஏமாறமாட்டான் என்று நினைக்கிறான் போலும். வைத்தியர் கொடுக்கவில்லை. "கப்பலக் காட்டுங்க, பொறகு தாறன்" என்றான். தரகர் எவ்வளவோ இனிமையாகப் பேசினார். நடத்திய ஆசிரியர் தன் முழுத் திறமையையும் காட்டினார் என்றே சொல்ல வேண்டும். "கப்பலக் காட்டுங்க." மூன்று முறையும் அதே பதில். கப்பல் இல்லை என்பது அடுத்த கிழமை எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தத் தரகரை நாங்கள் கற்பனையில் செய்யவில்லை, இந்த ஊரில் பார்த்துத்தான் செய்தோம். ஆட்களைச் சேர்த்தால் காசு என்னும் பிரமிட் திட்டங்கள் இந்த நாட்டில் வங்கிச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டவை. அப்படியிருந்தும் எத்தனை வீட்டு நகை அடகுக்குப் போனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கொண்டுவந்தவர்கள் அந்நியர் அல்ல. நம் உறவு, நம் ஸஃபில் பக்கத்தில் நின்றவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. எங்களில் ஒருவரும் உண்டு.

இந்தத் தவணையோடு விளையாட்டை நிறுத்துவதா, தொடர்வதா என்று அதிபர் கேட்டிருக்கிறார். அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் முடிவாகும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். ஆனால் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். குரல் பதிவு போட்ட காக்கா, உங்களையும்தான். சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஆண்பிள்ளைகள், 11 மணிக்குப் பெண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் நேரத்துக்கு உம்மாமார் வரலாம். பின்வாங்கில் இடம் இருக்கிறது. விளையாட்டு நடக்கும்போது இடையில் பேசாமல் இருந்தால் போதும்.

வரும் சனிக்கிழமை வியாபாரி கறுவாக் கடைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறானாம். இலக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு இரண்டு முறை மெசேஜ் போட்டிருக்கிறான். நாங்கள் இன்னும் சொல்லவில்லை.